புதுசா லொறி, பஸ் எடுக்கிற ஆக்களுக்கு: பிற்னஸ் எடுக்கப் போக முதல் இதை வாசிச்சிட்டுப் போங்கோ

போன மாசி மாசம் மாங்குளத்தில இருந்து ஒரு தம்பி கோல் எடுத்தார். அண்ணை, 14.5 அடி இசுசு எல்ப் லொறி ஒண்டு வாங்கிட்டன், திங்கக்கிழமை நெல் ஏத்த ஓடர் வந்திருக்கு, வாகன வருமான லைசன்ஸ் முடிஞ்சு ரெண்டு மாசமாம், வெள்ளிக்கிழமைக்குள்ள எடுக்கலாமோ எண்டு கேட்டார். அண்டைக்குப் புதன்கிழமை. நான் சிரிக்கேல்ல, ஏனெண்டா முதல் லொறி வாங்கின புதுசில நானும் உதே கேள்வியைத்தான் வேற ஒராளிட்டக் கேட்டனான், அந்தாள் சிரிச்ச சிரிப்பு இப்பவும் காதுக்குள்ள நிக்குது.

அந்தத் தம்பிக்கு போனில சொன்னதைத்தான் கொஞ்சம் விரிச்சு எழுதுறன். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் முதல் முதலா லொறியோ டிப்பரோ பட்டா எண்ட சின்ன லொறியோ பஸ்ஸோ எடுத்து ஓட வாற ஆக்களுக்கு இது உதவும். சொந்தக் கார் வச்சிருந்து பழகினவைக்கு முதல்ல ஒண்டு விளங்க வேணும், காருக்கு இன்சூரன்ஸும் புகைச் சான்றிதழும் இருந்தால் லைசன்ஸ் கையில வந்திடும், ஆனா பஸ், லொறி எண்டு வாகனப் பதிவுப் புத்தகத்தில பதிஞ்ச வாகனத்துக்கு அதுக்கு மேல தகுதிச் சான்றிதழ் வேணும், எங்கடை வாயில பிற்னஸ். அது வருசா வருசம். எல்லாரும் இடறி விழுற கல்லு அதுதான்.

இப்ப ஏன் இவ்வளவு இறுக்கம்

சட்டம் புதுசில்லை, மோட்டார் வாகனச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம், பிற்னஸ் எண்ட கதையும் பழசுதான். மாறினது அதைப் பாக்கிற கண். 2020 பங்குனியில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை, திருப்பி விட்டது 2025 இலதான், அந்த அஞ்சு வருசமும் நாட்டில ஓடினது முழுக்க பழைய இரும்பு. ஸ்பெயார் பாட்ஸ் விலை எங்கையோ போட்டுது, ஆக்களும் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓடிச்சினம். பிறகு 2025 தையில அரசாங்கம் கிளீன் சிறீலங்கா எண்ட திட்டத்தைத் துவங்கி பஸ்ஸுகள், ஓட்டோக்களில பூட்டியிருந்த தேவையில்லாத கம்பி, கலர் லைற், சத்தக் ஹோர்ன் எல்லாத்தையும் பொலிஸ் கழட்டுவிக்கத் துவங்கிச்சு. அந்த வருசம் மே 11 விடிய கொத்மலை கெரண்டிஎல்லவில கதிர்காமத்தால வந்த இ.போ.ச பஸ் பள்ளத்தில விழுந்து 20 பேருக்கு மேல செத்தவை, செப்டெம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய ரோட்டில சுற்றுலா போன பஸ் விழுந்து 15 பேர். ரெண்டுக்கும் இடையில, யூலை 1 இல இருந்து தூரப் பயணம் ஓடுற பஸ் ட்ரைவர்மார் சீற்பெல்ற் போட வேணும் எண்டும் வந்திட்டுது. முந்தி ட்ராபிக் மறிச்சா லைசன்ஸைக் காட்டிட்டுப் போயிடலாம், இப்ப ரயருக்குக் கீழ குனிஞ்சு பாக்கினம், பிரேக்கை அமத்தச் சொல்லுகினம்.

என்னைக் கேட்டா அது நல்லதுதான், கொஞ்சம் எரிச்சலாத்தான் இருக்கும்.

முதலாவது: காசு குடுக்க முதல் புத்தகத்தையும் செசியையும் ஒண்டா வச்சுப் பாருங்கோ

வாகனப் புத்தகத்தில இருக்கிற செசி நம்பர், எஞ்சின் நம்பர், நிறம், எரிபொருள், சீற் எண்ணிக்கை, வெறும் நிறை, மொத்த நிறை, இதெல்லாம் வாகனத்தில இருக்கிறதோட பொருந்த வேணும். ஒரு ரோச் லைற்றும் வயர் பிரஸ்ஸும் கொண்டு போங்கோ, செசி நம்பர் கிறவல் சேத்துக்கும் கிறீசுக்கும் கீழ தாண்டு கிடக்கும், உரஞ்சிப் பாக்காமல் விற்கிறவர் சொல்லுறதை நம்பி வரவேண்டாம்.

நான் நம்பினனான். தெற்கில ஒரு இடத்தில ஓப்பன் பேப்பரில, அதான் பேர் மாத்தாமல் வித்தவரின்ரை கையெழுத்து மட்டும் வச்ச பேப்பரில, லொறி ஒண்டு எடுத்தன், வடிவான பெயின்ற், உள்ளுக்கு சாமிப்படம், எல்லாம் சோக்கா இருந்தது. ஊருக்குக் கொண்டந்து பிற்னஸுக்கு விட்டால் எக்ஸாமினர் (மோட்டார் வாகனப் பரிசோதகர்) சுத்தி வந்து ரேப் பிடிச்சு அளந்து போட்டு, பொடி ஒண்டரை அடி நீட்டி இருக்கு, புத்தகத்தில அது ஏறேல்ல, எஞ்சினும் மாத்தி இருக்கு, அதுவும் ஏறேல்ல எண்டார். வித்தவருக்கு எடுத்தால் போன் வேலை செய்யேல்ல. பொடியை வெட்டி பழைய அளவுக்குக் கொண்டு வந்து, எஞ்சின் வாங்கின பில்லைத் தேடி அலைஞ்சு, மாத்தம் பதிஞ்சு முடிய நாலு மாசம், நாலு மாசமும் லீசிங் காசு கட்டினது நான்.

அதால மூண்டு விசயம். ஓப்பன் பேப்பரில எடுத்தாலும் கையோட எம்ரிஏ 6 படிவத்தைக் குடுத்துப் பேர் மாத்துங்கோ, பேர் மாத்தாமல் நாலு கை மாறின வாகனம் விபத்தில பட்டா முதல் ஆளைத் தேடி பொலிஸ் போகும், அவர் உங்களைத் தேடி வருவார். ரெண்டாவது, பொடி நீட்டினது, கூடு உயத்தினது, சீற் கூட்டினது, எஞ்சின் மாத்தினது எல்லாத்துக்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின்ரை அனுமதி வேணும், புத்தகத்திலயும் ஏற வேணும். மூண்டாவது, கூட்டிக்கொண்டு போற மெக்கானிக் விற்கிற ஆளுக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கா இருக்கப்படாது. இது சட்டம் இல்லை, ஆனா சட்டத்தை விட முக்கியம்.

பேப்பர் வரிசை

நேர கச்சேரிக்கோ பிரதேச செயலகத்துக்கோ போய் லைனில நிக்காதேங்கோ. வரிசை இதுதான்: கராஜ், புகை, பிற்னஸ், பிறகு லைசன்ஸ், இன்சூரன்ஸ் இது எல்லாத்துக்கும் அடியில அறுபடாமல் ஓடிக்கொண்டே இருக்க வேணும். கராஜ் வேலை முடியாமல் புகைக்குப் போனா காசு நட்டம், பிற்னஸ் இல்லாமல் செயலகத்துக்குப் போனா நாள் நட்டம். பழைய லைசன்ஸ் முடிய ஒரு மாசம் கிடக்கேக்கையே வேலையைத் துவங்குங்கோ, பெரும்போக வெட்டு வாற தை, மாசியில லைசன்ஸ் முடியிற மாதிரி இருந்தா இன்னும் முந்தித் துவங்குங்கோ, ஏனெண்டா அந்த நேரம் வன்னியில இருக்கிற லொறி முழுக்க உங்களை மாதிரியே ஓடித் திரியும், கராஜில இடம் கிடையாது.

இன்சூரன்ஸைப் பற்றி ரெண்டு சொல். தேட் பாட்டி, அதான் மற்றாக்களுக்கு வாற சேதத்துக்கு மட்டும் குடுக்கிறது, எடுத்தால் சட்டத்துக்குக் காணும், லீசிங்கில எடுத்திருந்தா அவையே புல் இன்சூரன்ஸ் கேப்பினம். ஆனா எதை எடுத்தாலும் என்ன பாவனைக்கு எண்டு அதில எழுதியிருக்கிறதை வாசியுங்கோ. சாமான் ஏத்திற லொறி எண்டு எழுதிப் போட்டு, வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்கும் ஆவணியில மடுத் திருவிழாவுக்கும் பின்னுக்குப் பாய் விரிச்சு நாப்பது சனத்தை ஏத்திக்கொண்டு போறது எங்கடை ஊரில காலங்காலமா நடக்கிறதுதான், நானும் சின்னனில அப்பிடிப் போனனான், சந்தோசமான பயணம்தான், ஆனா பிரண்டால் அந்த நாப்பது பேருக்கும் இன்சூரன்ஸ்காரர் பதில் சொல்ல மாட்டினம். வேண்டுதல் எண்டாலும் பஸ் ஒண்டைப் பிடியுங்கோ.

புகை

2008 இல இருந்து நடக்கிறது, ரெண்டு கொம்பனிதான் செய்யினம், லாப்ஸ் எக்கோ ஸ்ரீ, கிளீன்கோ. சான்றிதழ் ஒரு வருசத்துக்கு. டீசல் வாகனத்துக்கு எஞ்சினைச் சூடாக்கி அக்சிலேற்றரை முழுக்க அமத்தி அமத்தி விட்டு வாற புகையின்ரை அடர்த்தியை மெசினில பாக்கிறது.

வன்னி வாகனம் இதில பெயில் ஆகிறதுக்கு பாதிக் காரணம் எயார் பில்ரர். எங்கடை உள்வீதி கிறவல், ஒட்டுசுட்டான், துணுக்காய், பாலமோட்டைப் பக்கம் வெயில் காலத்தில ஒரு கிழமை ஓடினாலே பில்ரர் செங்கல் மாதிரி வந்திடும், காத்து உள்ளுக்குப் போகாமல் டீசல் எரியாது, கரும்புகை வரும். ரெஸ்ற்றுக்குப் போற கிழமை பில்ரரை மாத்துங்கோ, ஊதிப் பூட்டிறதில்லை, மாத்துங்கோ. அதுக்குப் பிறகும் கரும்புகை எண்டா இன்ஜெக்டர், டீசல் பம்ப் பாக்க வேணும். நீலப்புகை எண்டா ஒயில் எரியுது, அது பெரிய வேலை. வெள்ளைப்புகை சூடான பிறகும் நிக்காட்டி ஹெட் கஸ்கெற் பக்கம் யோசியுங்கோ. போற அண்டைக்கு ஏ9 இல ஒரு இருவது நிமிசம் நல்லா ஓடி எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு போங்கோ, வீட்டு வாசல்ல ஸ்ராட் பண்ணி மெதுவா உருட்டிக்கொண்டு போனா குளாய்க்குள்ள கிடக்கிற கரி முழுக்க அங்கதான் வெளிக்கும்.

பம்பில சீல் உடைச்சு வேகத்தைக் குறைச்சு ரெஸ்ற் பாஸ் பண்ணித் தாறம், வந்தாப் பிறகு திருப்பிக் கூட்டி விடுறம் எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். அந்த வேலைக்குக் குடுக்கிற காசுக்கு ரெண்டு பில்ரர் வாங்கலாம்.

பிற்னஸ்: உண்மையான பரீட்சை

திணைக்களம் அனுமதி குடுத்த கராஜிலதான் செய்யலாம், எந்தக் கராஜ் எண்டு உங்கடை மாவட்டத்து மோட்டார் போக்குவரத்துக் கந்தோரில கேட்டால் சொல்லுவினம், கட்டணமும் இந்த வருசம் எவ்வளவு எண்டு அங்கயே கேளுங்கோ, பக்கத்து வீட்டு அண்ணை போன வருசம் கட்டின காசை நம்பிக்கொண்டு போகாதேங்கோ.

போக முதல் கீழ்ப்பக்கத்தைக் கழுவுங்கோ. ஆக்கள் மேல பொலிஷ் அடிச்சுக்கொண்டு போவினம், பாக்கிறவர் கீழ படுத்துத்தான் பாப்பார். சேறு இருந்தா ஒயில் ஒழுக்கு தெரியாது எண்டு நினைக்கிறது மொக்குத்தனம், சேறு இருந்தா அவர் பாக்கவே மாட்டன் எண்டு திருப்பி அனுப்புவார். கழுவினாப் பிறகு நீங்களே ஒருக்கா கீழ போய்ப் பாருங்கோ, அண்டைக்குத்தான் உங்கடை வாகனத்தை நீங்கள் முதல் முறை பாப்பியள்.

ஸ்ரேரிங்: ஒராள் உள்ளுக்கு இருந்து வளையத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்ட, மற்றாள் முன் ரயரைப் பாக்க வேணும். வளையம் கனக்கச் சுத்தி ரயர் அசையாட்டி ரை ரொட் என்ட், ஸ்ரேரிங் பொக்ஸ் தேஞ்சிருக்கு. முன்பக்கத்தை ஜக் அடிச்சுத் தூக்கி ரயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்கோ, டக் டக் எண்டா கிங் பின் அல்லது பெயாரிங்.

ஸ்பிரிங்: பட்டை உடைஞ்சிருக்கோ, நடு ஆணி அறுந்து அச்சு பின்னுக்குப் போட்டுதோ, யூ போல்ற் இறுக்கமோ பாருங்கோ. மணல் டிப்பர் எல்லாத்திலயும் இந்த வருத்தம் இருக்கும், காரணம் கீழ சொல்லுறன்.

ரயர்: பின் ரட்டை ரயருக்கு நடுவில கல் செருகி நிக்கும், அதைக் கெளப்புங்கோ, இல்லாட்டி ஒரு நாளைக்கு அது பின்னால வாற மோட்டச்சைக்கிள்காரன்ரை நெத்தியில போய் நிக்கும். ரட்டையில ஒண்டு புதுசு ஒண்டு தேஞ்சது எண்டு போடாதேங்கோ, உயரமான ரயர்தான் முழுப் பாரத்தையும் தாங்கி வெடிக்கும். ரீபில்ட் ரயர், அதான் பழைய ரயருக்கு மேல புது ரப்பர் ஒட்டினது, பின்னுக்குப் போடலாம், முன்னுக்கு வேண்டாம், அமெரிக்காவில பஸ்ஸுக்கு முன்னுக்கு ரீபில்ட் போடுறதைச் சட்டமாவே தடுத்து வச்சிருக்கினம். முன் ரயர் வெடிச்சா ஸ்ரேரிங் உங்கடை கையில இல்லை.

பிரேக்குக்கு வாறன், இதில கொஞ்சம் மினக்கெட வேணும்.

எங்கடை நிலம் தட்டை. வவுனியாவில இருந்து பரந்தன் வரைக்கும் ஏ9 இலயோ, மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவு போற ஏ34 இலயோ, பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 இலயோ ஒரு ஒழுங்கான இறக்கம் கிடையாது. பாதிப் பிரேக்கோட ஒரு வருசம் ஓடினாலும் வன்னியில தெரிய வராது. நான் லொறிக்குப் பிறகு ஒரு ரோசா பஸ் எடுத்து ஹயருக்கு விட்டனான். ஒரு முறை ஊர்ச் சனத்தை ஏத்திக்கொண்டு நுவரெலியா போய்த் திரும்பி றம்பொடைப் பக்கத்தால இறங்கேக்க, மூண்டாவது கியரில விட்டு பிரேக்கை மிதிச்சு மிதிச்சுக்கொண்டு வந்தன், கொஞ்ச நேரத்தில எரிஞ்ச மணம், பெடல் மெதுமெதுவா கீழ போகுது. ஒரு வளைவில தேத்தண்ணிக் கடை வாசல் அகலமா இருந்தது, அதுக்குள்ள ஒருமாதிரிக் கொண்டு போய் நிப்பாட்டினன். பின்னால இருந்த ஒரு அம்மா, ஏன் தம்பி தேத்தண்ணி குடிக்கவோ எண்டு கேட்டா. ஓம் அம்மா எண்டன், கால் நடுங்கிக்கொண்டு நிக்குது. ஒரு மணித்தியாலம் ஆறவிட்டு முதலாம் ரெண்டாம் கியரில உருட்டித்தான் கொண்டு வந்து சேத்தன். ஊருக்கு வந்து கழட்டிப் பாத்தால் பின் ரெண்டு சில்லிலயும் லைனிங் கண்ணாடி மாதிரி மினுங்குது, அஜஸ்ரர் இறுகிப்போய் பின் பிரேக் பிடிக்கவே இல்லை, முழு வேலையும் முன் பிரேக் செய்திருக்கு. பிற்னஸ் எடுத்து மூண்டு மாசம் கூட ஆகேல்ல.

அதால பிற்னஸுக்கு விட முதல் நாலு சில்லையும் கழட்டி லைனிங் பாருங்கோ. ஒயில் பிரேக் எண்டா, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க பெடலை அமத்தி அப்பிடியே ஒரு நிமிசம் பிடியுங்கோ, பெடல் மெல்லக் கீழ இறங்கினா எங்கையோ ஒழுகுது. எயார் பிரேக் எண்டா காத்து முழுக்க ஏற விட்டு, எஞ்சினை நிப்பாட்டி, கால் பிரேக்கை அமத்திப் பிடிச்சுக்கொண்டு ஒரு நிமிசம் கேஜைப் பாருங்கோ, அமெரிக்காவில கனரக லைசன்ஸுக்குப் படிக்கிற ஆக்களுக்கு தனி லொறி எண்டா அந்த ஒரு நிமிசத்தில 3 பிஎஸ்ஐக்கு (காத்தமுக்க அளவு) மேல இறங்கப்படாது எண்டுதான் சொல்லிக் குடுக்கிறவை, அது எங்கடை லேலண்டுக்கும் பொருந்தும். பிறகு பெடலை விட்டு விட்டு மிதிச்சுக் காத்தைக் குறையுங்கோ, ஒரு அளவில, காத்துக் குறைஞ்சிட்டுது எண்டு எச்சரிக்கிற பசர் அடிக்க வேணும். கன பழைய வாகனத்தில அந்தப் பசரின்ரை வயரை ஆரோ சத்தம் கரைச்சல் எண்டு கழட்டி விட்டிருப்பினம். காத்துத் தாங்கியின்ரை அடியில இருக்கிற வால்வை ஒவ்வொரு நாளும் திறந்து தண்ணி விடுங்கோ, மாரி காலத்தில ஒரு கோப்பை வரும், அந்தத் தண்ணிதான் வால்வு எல்லாத்தையும் அரிக்கிறது.

மிச்சம் கெதியாச் சொல்லுறன். லைற் எல்லாம் எரிய வேணும், பின் சிவப்பு லைற், பிரேக் லைற், சிக்னல், ரிவேர்ஸ். வைப்பர். ரெண்டு பக்கக் கண்ணாடி. கை பிரேக். ட்ரைவர் சீற்பெல்ற் கொளுவக்கூடியதா இருக்க வேணும், சீற்றுக்கு அடியில தாட்டு வைக்கிறதுக்கில்லை. பஸ் எண்டா சீற் போல்ற் இறுக்கம், தரைப் பலகை ஓட்டை இல்லாதது, அவசரக் கதவு உண்மையாத் திறக்கிறது, தீயணைக்கிற சிலிண்டர், முதலுதவிப் பெட்டி. அவசரக் கதவுக்கு முன்னால சீற் போட்டு அடைச்ச பஸ்ஸுகள் இப்பவும் ஓடுது, அதில ஏறாதேங்கோ எண்டுதான் நான் என்ரை பிள்ளையளுக்குச் சொல்லுறனான்.

வாகனம் கொண்டு வரத் தேவையில்லை, புத்தகக் கொப்பியைத் தாங்கோ, பின்னேரம் பிற்னஸ் தாறன் எண்டு ஆரும் புரோக்கர் வந்தால் விலத்துங்கோ. ஆள் காயப்பட்ட விபத்து நடந்தால் பொலிஸ் வாகனத்தை எக்ஸாமினரிட்டக் காட்டித்தான் வழக்குப் போடும், அவர் எழுதிற ரிப்போட்டில பிரேக் இல்லை எண்டு வந்தால் உங்கடை கையில இருக்கிற பேப்பர் உங்களைக் காப்பாத்தாது, இன்சூரன்ஸ்காரரும் கிளெயிம் தர மாட்டம் எண்டு மல்லுக்கு நிப்பினம்.

லைசன்ஸ்

இது சுகம். வாகனப் புத்தகக் கொப்பி, பழைய லைசன்ஸ், இன்சூரன்ஸ், புகை, பிற்னஸ், அஞ்சையும் கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனா அண்டைக்கே தருவினம். 2023 இல இருந்து ஒன்லைன் முறையும் புதுப்பிச்சு இருக்கு, ஆனா பிற்னஸ் தேவைப்படுற வாகனத்துக்கு முதல் முறை நேர போய் எடுக்கிறதுதான் தலையிடி குறைவு.

ஓடுற ஆளின்ரை லைசன்ஸ்

வாகனத்துக்கு எல்லாம் சரியா வச்சுப் போட்டு ட்ரைவரில கோட்டை விடுறவை இருக்கினம். சி1 இல 17,000 கிலோ மொத்த நிறை வரைக்கும் ஓடலாம், அதுக்கு மேல சி வேணும், இழுவை பூட்டினா சிஈ. பஸ்ஸில 33 சீற் வரைக்கும் டி1, அதுக்கு மேல டி. கனரக லைசன்ஸ் 4 வருசத்துக்குத்தான், ஒவ்வொரு முறையும் மெடிக்கல் எடுக்க வேணும், கார் லைசன்ஸ் மாதிரி 8 வருசம் கிடக்குது எண்டு நினைச்சு ஏமாறாதேங்கோ. வேலைக்கு வாற ட்ரைவரின்ரை காட்டைப் பின்பக்கம் திருப்பி ஒவ்வொரு வகைக்கும் எதிர எழுதியிருக்கிற திகதியைப் பாருங்கோ.

பஸ் எண்டா இதுக்கு மேல ரூட் பெர்மிட். மாகாணத்துக்குள்ள, சொல்லப்போனா கிளிநொச்சி–முல்லைத்தீவு மாதிரி எண்டா வடமாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை, வவுனியா–கொழும்பு மாதிரி மாகாணம் தாண்டினா தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. பெர்மிட் இல்லாமல் பஸ் வாங்கிப் போட்டு பிறகு பெர்மிட் தேடுறது, கலியாணத்துக்கு மண்டபம் எடுத்துப் போட்டுப் பொம்பிளை தேடுற மாதிரி.

டிப்பர்காரருக்குத் தனியா ஒரு கணக்கு

ஒரு கியூப் எண்டா 100 கன அடி, கிட்டத்தட்ட 2.8 கனமீற்றர். காஞ்ச மணல் ஒரு கியூப் நாலரைத் தொன் வரும், ஆத்தில இருந்து அள்ளின ஈர மணல் எண்டா அஞ்சைத் தாண்டும். மூண்டு கியூப் ஈர மணல் எண்டா 15 தொன்னுக்கு மேல, அதோட டிப்பரின்ரை சொந்த நிறை. இதைக் கூட்டி புத்தகத்தில இருக்கிற மொத்த நிறையோட ஒப்பிட்டுப் பாருங்கோ, பிறகு ஏன் ஸ்பிரிங் பட்டை உடையுது, ஏன் பின் ரயர் வெடிக்குது எண்டு என்னைக் கேக்கத் தேவையில்லை. பக்கப் பலகையை உயத்தி நாலாவது கியூப் ஏத்திறவையும் இருக்கினம், அந்த உயத்தின பலகையே பிற்னஸில விழுத்தும். மணலுக்கு சுரங்கப் பணியகத்துப் பெர்மிட் வேற வேணும், ஏத்தினாப் பிறகு படங்கு போட்டு மூட வேணும், மூடாமல் ஓடினா பின்னால வாறவன்ரை கண்ணுக்குள்ளதான் மணல்.

பிற்னஸ் எடுத்த அடுத்த நாள்

ஆக்கள் மறக்கிறது இதைத்தான். அந்தப் பேப்பர் எடுத்த அண்டைக்கு வாகனம் நல்லா இருந்தது எண்டுதான் சொல்லுது, அடுத்த நாளைக்கு என்ன எண்டு அதுக்குத் தெரியாது. என்ரை மச்சான் ஒராள் கனடா பிரம்டனில ட்ரெயிலர் ஓடுறார், புளியங்குளத்துப் பொடியன், இஞ்ச இருக்கேக்க லான்ட்மாஸ்ரர் எண்ட ரெண்டு சில்லு உழவு மெசின்தான் ஓடினவர். அங்க ஒன்ராறியோவில லொறிக்கு வருசத்துக்கு ஒருக்காவும் பஸ்ஸுக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்காவும் பெரிய சோதனை இருக்கு, ஆனா அதை விட ஒவ்வொரு நாளும் ட்ரைவரே வாகனத்தைச் சுத்தி வந்து பாத்து எழுதி வச்சிருக்க வேணுமாம், அந்தப் பேப்பர் 24 மணித்தியாலத்துக்குத்தான் செல்லும், பெரிய பிழை ஒண்டு கண்டால் ஓடவே ஏலாது, சின்னப் பிழை எண்டா முதலாளிக்கு எழுதிக் குடுத்துப் போட்டு ஓடலாம். ஒரு நாளைக்கு 13 மணித்தியாலத்துக்கு மேல ஸ்ரேரிங் பிடிக்கேலாது, அதையும் மெசின் ஒண்டு கணக்கு வைக்குதாம். முதல் மாசம் தனக்கு அழுகையா வந்தது எண்டார், மைனஸ் 20 குளிரில ரோச் அடிச்சுக்கொண்டு ரயர் தட்டுறது எண்டால் பாருங்கோவன்.

எங்களுக்கு குளிர் இல்லை, அதால சாட்டும் இல்லை. நான் செய்யிறது இதுதான்: விடிய ஸ்ராட் பண்ண முதல் நிலத்தைப் பாக்கிறது, இரவு ஒழுகியிருந்தா அங்க தெரியும். பிறகு தண்ணி, ஒயில், பிரேக் ஒயில். ஒரு இரும்புக் கம்பியால ஆறு ரயரையும் தட்டிறது, காத்து உள்ளது ணங் எண்டும், இல்லாதது தொப் எண்டும். சில் நட்டைச் சுத்தி துரு வடிஞ்ச கோடு தெரிஞ்சா அந்த நட் இளகியிருக்கு. பிறகு லைற், பின்னுக்கு ஒராளை நிப்பாட்டி பிரேக் லைற் பாக்கிறது, ஆள் இல்லாட்டி மதில் கரையில பின்னுக்கு விட்டா வெளிச்சம் மதில்ல தெரியும். வெளிக்கிட்டு முதல் நூறு மீற்றருக்குள்ள ஒருக்கா பிரேக் அடிச்சுப் பாக்கிறது. மொத்தம் பத்து நிமிசம். வெள்ளவாய்க்காலோ ஓடையோ தாண்டினா பிரேக்கை மெல்ல அமத்திக்கொண்டு கொஞ்சத் தூரம் ஓடிக் காயவிட வேணும், மாரியில இது கட்டாயம்.

பின் லைற்றையும் ரிப்ளெக்டரையும் ஒவ்வொரு நிப்பாட்டிலயும் துணியால துடையுங்கோ, கிறவல் தூசி படிஞ்சால் லைற் எரிஞ்சும் பிரியோசனம் இல்லை. எங்கடை ரோட்டில இரவு ஏழு மணிக்குப் பிறகு தார்ச்சூட்டுக்கு மாடு வந்து படுத்திருக்கும், வெட்டுக் காலத்தில பாதி ரோட்டில நெல்லுக் காயும், பெட்டி பூட்டின உழவு இயந்திரம் ஒரு லைற்றும் இல்லாமல் நடு ரோட்டில போகும், சில இடத்தில ஆனையும் ஏறும். நீங்கள் பிரேக் அடிக்கிறது பின்னால வாறவனுக்குத் தெரிய வேணும்.

ட்ராபிக் மறிச்சா வாதாடாதேங்கோ, பிழை எண்டா பிழை. சின்னப் பிழைக்குத் தண்டம் எழுதுவினம், கட்டலாம். வாகனம் ஓடத் தகுதியில்லை எண்டு நிப்பாட்டினா, திருத்திப் போட்டு எக்ஸாமினரிட்டக் காட்டித்தான் திருப்பி ஓடலாம், இரவோட இரவா எடுத்துக்கொண்டு வீட்ட போவம் எண்டு யோசிக்க வேண்டாம். பேப்பர் எல்லாத்துக்கும் ரெண்டு கொப்பி அடிச்சு ஒண்டை வீட்டிலயும், ஒண்டைப் பொலித்தீனில போட்டு டாஷ்போட்டிலயும் வையுங்கோ, முடியிற திகதியளை போனில ஒரு மாசம் முந்தி அடிக்கிற மாதிரிப் போட்டு வையுங்கோ.

மாங்குளத்துத் தம்பி திங்கக்கிழமை நெல்லை வேற ஒராளின்ரை லொறியில ஏத்தி விட்டவர், அந்த ஹயர் காசு போச்சு. கராஜில கழட்டினாப் பிறகு பின் பிரேக் சிலிண்டர் ரெண்டும் ஒழுகினது, ஒரு ஸ்பிரிங் பட்டை உடைஞ்சிருந்தது, செசி நம்பர் சரி. லைசன்ஸ் கையில வர மூண்டு கிழமை எடுத்திச்சு. போன கிழமை திருப்பி கோல் எடுத்தார், அண்ணை, காத்துத் தாங்கி எங்க இருக்கு, தேடுறன் காணேல்ல எண்டு. தம்பி, உம்மடை எல்ப் ஒயில் பிரேக்கடா எண்டு சொன்னன்.